கதவுப் பக்கத்திலிருந்து இரண்டாவது

சிங்கப்பூர்
9.2.1986

அன்புள்ள நல்லையாவுக்கு,

இத்ரூஸ் எழுதுவது. இறைவன் அருளால் நான் சுகம். நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உறையைப் பார்த்ததுமே யாருடைய கையெழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கும். பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் இந்தக் கோழிக்கிறுக்கலைப் பார்த்துத்தானே கணக்குப் பாடம் காப்பியடித்தாய். கிழிக்காமல் இதுவரை வந்திருந்தால் மிச்சத்தையும் படித்துவிடு.

நாம் பேசி ஒன்றே முக்கால் வருஷமாகிறது. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என்னத்தை எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. காரணம் என்று ஒன்று இருந்தால் கை அவ்வளவு கூசாது.

பதுளையில் வாப்பாவின் எலக்ட்ரிக் கடைக்காக வயரும் குறடுமாகத் தோட்டந் தோட்டமாக அலைந்த நான், போன வருஷம் இங்கே வந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் பயிற்சிக்குச் சேர்ந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். கம்ப்யூட்டர் என்பது டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டி. முன்பெல்லாம் அதற்குச் சொல்ல வேண்டியதை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது வந்திருக்கும் புது வகையில் திரையிலேயே படங்கள் இருக்கின்றன. மேசையில் சவர்க்காரக் கட்டி அளவில் வாலோடு ஒரு சாமான். மவுஸ் என்கிறார்கள். அதை நகர்த்தினால் திரையில் ஓர் அம்பு நகரும். வேண்டிய படத்தின் மேல் அம்பை வைத்து அழுத்தினால் காரியம் நடக்கும். அந்தப் படங்களை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, எதற்குப் பக்கத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதுதான் நான் படிக்கிற படிப்பு. சிரிக்காதே. லேசான வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு மிஸ் லிம் என்ற ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள், ஆனால் வாய் ரொம்ப நீளம். அவள் வைத்திருக்கும் சட்டம் இது: படம் வரைந்தவன், அதைப் பயன்படுத்தப் போகிறவனைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைக்க வேண்டும். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. அவன் எங்கே தடுமாறுகிறானோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் ஓர் எண்ணெய் ஆலைக்கு நாங்கள் திரை செய்கிறோம். எந்த இயந்திரத்தை ஓட விடுவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் திரையிலிருந்தே. வரைகிற பொறுப்பு என்னுடையது. இயந்திரத்தோடு பழகிய ஒருவரிடம் முதலில் காகிதத்தில் காட்டு என்றாள் மிஸ் லிம். எனக்கு இங்கே யாரைத் தெரியும்? கண்ணைக் கட்டிவிட்டாலும் ரோதைகளுக்கு நடுவே நடந்து வரக்கூடிய ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

அதனால் நம் தோட்டத்துத் தேயிலை இஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற ஐந்து ரோதைகளையும் பழக்கத்துக்காக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் ரோதையை ஓட விட எங்கே தொடுவாய், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த எங்கே தொடுவாய் என்று பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பு. யோசித்து வைக்காதே. கை போன இடத்தில் வை.

விசாரணையில் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

உன்
இத்ரூஸ்


அப்புத்தளை
27.2.1986

திரு. இத்ரூஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டு முத்திரை வந்ததென்று லயத்து வீடுகளிலிருந்து பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என்ன வந்திருக்கிறது என்று கேட்டார்கள். படம் வந்திருக்கிறது என்றேன்.

தாங்கள் தூர தேசத்தில் இருப்பதால் சில விஷயங்கள் மறந்து போயிருக்கலாம். ஞாபகப்படுத்துகிறேன். 1984 ஜூன் மாதம் 14ஆம் தேதி காலை, நாலாம் ரோதைக்கு அடியில் சிக்கிய இலையைச் சுரண்ட என் அண்ணன் பொன்னையா உள்ளே குனிந்திருந்தார். நான் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்றேன். பலகை சுவரில் இருப்பதால் ரோதைகளெல்லாம் எனக்கு முதுகுப் பக்கம். இரண்டாம் ரோதையைப் போடு என்று இஸ்டோர்ப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா சத்தம் போட்டார். போட்டேன். நாலாம் ரோதை ஓடியது. லொறியில் ஏற்றும்போதே அண்ணனுக்கு உயிர் இல்லை.

விசாரணைக்குத் தாங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். பலகையைச் செய்து சுவரில் பூட்டியவர் என்ற முறையில் தோட்டத்துத் துரை தங்களைக் கேட்டார். ஐந்து சுவிட்சும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் நம்பர் எழுதியிருக்கிறது, பார்த்துப் போட்டிருந்தால் நடந்திருக்காது என்றீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் எனக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பலகை வேலைக்குத் தங்களை டீமேக்கர் ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போய், என் கூட்டாளி, கெட்டிக்காரன் என்று சொன்னவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் குறை வைத்ததால் ரோதைகளைக் காக்கிற ரோதமுனி காவு வாங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் என் மேல் இரக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ரெங்கம்மா அண்ணி முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பசறையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டே போனார். இப்போது அந்தக் கையால் அப்புத்தளை ரயில் நிலையத்தில் முட்டைக்கோவா மூட்டை ஏற்றுகிறேன்.

தங்கள் படத்தில் நாலாம் ரோதையும் இருக்கிறது. நன்றாக வரைந்திருக்கிறீர்கள். அதை எனக்கு அனுப்பத் தங்களுக்கு எப்படி மனம் வந்தது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
சு. நல்லையா


சிங்கப்பூர்
15.3.1986

நல்லையா,

திட்டு. இன்னும் திட்டு. ஆனால் இந்த அவர்களும் தாங்களும் வேண்டாம். வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது.

அந்தப் படத்தை அனுப்பியது மடத்தனம். தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைக்காதே. எனக்கு அந்த அறையைத் தவிர வேறு அறையை வரையத் தெரியவில்லை. பென்சிலை எடுத்தால் அதுதான் வருகிறது.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஆபீசைக் கூட்டித் துடைக்க வருகிற கல்யாணி அக்கா ஜொகூரில் ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். போன வாரம் மிஸ் லிம் அவரைக் கூப்பிட்டு என் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். ஓர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். அவர் பக்கத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மறுபடி சொன்னோம். மறுபடியும் அதே தப்பு. நான் தொடைக்கு அடியில் கையை வைத்திருந்தேனே தவிர வாயை அடக்க முடியவில்லை. "பார்த்து அழுத்தக் கூடாதா அக்கா" என்றேன்.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி, நான் படிக்காதவ என்று எழுந்துகொண்டார். மிஸ் லிம் என்னை அறைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறாள், இரண்டு பேருமே எம்.ஏ. படித்தவர்கள். அவர்களும் அதே இடத்தில் அதே தப்பைச் செய்தார்கள். வெளியே வந்து என்னிடம் கேட்டாள், மூன்று பேருடைய கண்ணும் கெட்டுப்போயிற்றா, அல்லது உன் படம் கெட்டிருக்கிறதா என்று. இனி யார் தப்பாக அழுத்தினாலும் அந்தத் தப்பை உன் பெயரில் எழுதிக்கொள் என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரும் சிரித்துவிட்டார். அப்படியும் இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், ஆனால் எழுத வரவில்லை.

நீ பதில் போட்டதே எனக்குப் பெரிசு. மூட்டை தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள்.

இத்ரூஸ்


அப்புத்தளை
2.4.1986

இத்ரூஸ்,

உன் படத்தை அடுப்பில் போடத்தான் நினைத்தேன். போடாமல் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே மழை, மூட்டை வேலையும் இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அதை எடுத்துப் பெட்டியின் மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீ கேட்ட மாதிரி யோசிக்காமல் தொட்டேன். இரண்டு என்று வாயால் சொல்லிவிட்டு விரலை வைத்தேன். இரண்டிலே போய் நின்றது. நாலு என்றேன், நாலில் நின்றது. பிறகு வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். இருபது தடவைக்கு மேல் தொட்டிருப்பேன் இத்ரூஸ், ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணன் போனதிலிருந்து இந்தக் கையை நான் நம்பியதில்லை. சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவேன். இந்தக் கையா இப்படிச் சரியாகப் போகிறது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு குறையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நிறுத்துகிற பொத்தானைச் சின்னதாக மேல் மூலையில் போட்டிருக்கிறாய். ஆள் அலறும்போது மூலையைத் தேட முடியாது. அதைப் பெரிதாக்கி நடுவில் வை. இது எனக்குத் தெரிந்த விஷயம்.

இனி ஒரு கேள்வி. படத்தில் கதவைப் போட்டு, கதவுப் பக்கத்து ரோதைக்கு நேராக ஒன்றாம் பொத்தானை வைத்திருக்கிறாய். அடுத்ததற்கு நேராக இரண்டு. ரோதை எந்த வரிசையோ பொத்தானும் அந்த வரிசை. ஆனால் நம் இஸ்டோரில் நீ பூட்டிய பலகையில் ஒன்றாம் சுவிட்சு எஞ்சின் அறைப் பக்கம் இருந்தது, ஐந்தாம் சுவிட்சுதான் கதவுப் பக்கம். கதவிலிருந்து இரண்டாவது ரோதையை ஓட்ட வேண்டுமானால் கதவிலிருந்து நாலாவது சுவிட்சைத் தேடிப் போட வேண்டும். அன்றைக்கு என் கை கதவிலிருந்து இரண்டாவது சுவிட்சுக்குத்தான் போனது. அது நாலாம் நம்பர்.

பலகையை ஏன் அப்படிப் பூட்டினாய்? சண்டைக்குக் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் இதை ஒரு கேள்வியாக நான் நினைத்ததேயில்லை. உன் படத்தைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

நல்லையா


சிங்கப்பூர்
20.4.1986

அன்புள்ள நல்லையா,

உன் புள்ளிகளுக்கு நன்றி. நிறுத்துகிற பொத்தானைப் பற்றி நீ சொன்னதை மிஸ் லிம்மிடம் காட்டினேன். இந்த மனிதருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றாள். பொத்தானை நடுவில் பெரிதாக வைத்துவிட்டேன்.

நீ கேட்டதைப் பற்றி. திரை வேறு, பலகை வேறு. திரையில் படத்தை நினைத்த இடத்தில் வைக்கலாம். பலகைக்கு வயர் வர வேண்டும், கரண்ட் வருகிற பக்கம் என்று ஒன்று உண்டு, அதற்கென்று ஒரு முறை உண்டு. எல்லா இடத்திலும் அப்படித்தான் பூட்டுவோம். தெளிவாக நம்பரும் எழுதியிருந்தேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். இங்கே வேலை அதிகம். நோன்பும் வருகிறது.

அன்புடன்
இத்ரூஸ்


அப்புத்தளை
11.5.1986

இத்ரூஸ்,

நீ மழுப்புகிறாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்கும்போதும் இப்படித்தான், பதில் தெரியாவிட்டால் அரைப் பக்கம் எழுதுவாய், தெரிந்தும் சொல்ல மனமில்லாவிட்டால் நாலு வரி எழுதுவாய்.

போன கிழமை எனக்குப் பதிலாகப் பலகையில் நிற்கிற சன்னாசியைப் போய்ப் பார்த்தேன். இஸ்டோருக்குள் என்னை விட மாட்டார்கள். அவன் வேலை விட்டு வரும் வரைக்கும் சந்திக்கடையில் காத்திருந்தேன். நேராகவே கேட்டேன், நீ எப்போதாவது சுவிட்சை மாற்றிப் போட்டிருக்கிறாயா என்று. முதலில் இல்லவே இல்லை என்றான். பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசிய பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். மாதத்துக்கு ஒரு தடவையாவது மாறிப்போகுமாம். ரோதைக்கு அடியில் ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியாமல் உடனே நிறுத்திவிடுவானாம். இப்போது சுவரில் சாக்கட்டியால் அவனுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி அடையாளம் போட்டு வைத்திருக்கிறான். டீமேக்கர் பார்த்தால் அழிக்கச் சொல்வார் என்று பயம்.

அவன் மட்டுமில்லை. அவன் லீவு போடும் நாட்களில் நிற்கிற இரண்டு பேருக்கும் அப்படித்தானாம். ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை. சொன்னால் எனக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடக்கும்.

மூன்று பேர் ஒரே தப்பைச் செய்தால் யாருடைய பெயரில் எழுதுவது என்று உனக்கு அந்தப் பெண் சொல்லித் தந்திருக்கிறாள். நீதான் எனக்கு எழுதினாய். என்னோடு சேர்த்து நாலு பேர்.

எனக்குப் பணமும் வேண்டாம், வேலையும் வேண்டாம். என் அம்மா எனக்குச் சோறு போடுகிறார், ஆனால் நான் தண்ணீர் மொண்டு கொடுத்தால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். அதற்கு ஒரு பதில் வேண்டும். இந்தத் தடவையும் நாலு வரி எழுதினால் இனி உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

நல்லையா


சிங்கப்பூர்
1.6.1986

நல்லையா,

நோன்பு இருபத்து மூன்று ஆகிறது. நோன்போடு பொய் எழுத முடியவில்லை. பத்து நாளாக எழுதிக் கிழித்து இதுதான் மிஞ்சியது.

உன் அண்ணனைக் கொன்றது உன் கை இல்லை. நான் பூட்டிய பலகை.

எங்கள் தொழிலில் கரண்ட் வருகிற பக்கம்தான் ஒன்று. எஞ்சின் அறையிலிருந்து வயர் வந்தது, அங்கிருந்து எண்ணினேன். உங்களுக்கு வாடிய கொழுந்து வந்து இறங்குகிற கதவுப் பக்கம்தான் ஒன்று. பலகைக்கு முன்னால் நிற்கப் போகிறவன் எங்கிருந்து எண்ணுவான் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. தப்பு அவ்வளவுதான். அதை மட்டும் என்றால் போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன்.

இன்னொன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. பலகை பூட்டி முடித்த அன்று, நீ டீமேக்கரைக் கூட்டிவரப் போயிருந்தாய். பொன்னண்ணன் ரோதைக்குப் பக்கத்திலிருந்து வந்து பலகையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் நேராக விரலை நீட்டி, திரும்பி ரோதையைப் பார்த்து, மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்னா தம்பி, கதவுப் பக்கத்து ரோதைக்கு அந்தக் கடைசியில சுவிட்சு வச்சிருக்கீங்க. அவசரத்துல கை மாறிப் போயிராதா?"

நான் நம்பர் எழுதி முடித்திருந்தேன். பெயின்ட் காயவில்லை. மாற்றுவதென்றால் மறுபடி கழற்ற வேண்டும். பதுளைக்குக் கடைசி பஸ் வேறு போய்விடும். "பழகிரும் அண்ணே" என்றேன்.

அவர் "நீங்க படிச்சவுங்க, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லையா, விசாரணையில் துரை என்னைக் கேட்டபோது அந்தக் குரல் என் காதில் இருந்தது. உன்னை நான் ஏன் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாயே. பார்த்திருந்தால் சொல்லிவிட்டிருப்பேன். வாப்பா கடையின் பெயர் போய்விடும், இனி எந்தத் தோட்டத்திலும் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன். சுவிட்சு நன்றாக வேலை செய்தது என்று சொன்னது பொய்யில்லை, அதனால் நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே இருக்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வந்த இடத்தில் இதையே படிக்க வைத்துவிட்டான் இறைவன்.

நடந்தது முழுவதையும், பொன்னண்ணன் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து, ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தோட்டத்து ஆபீசுக்கும் தொழிற்சங்கத்துக்கும் அரசாங்கத் தொழில் கந்தோருக்கும் அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி உனக்கு. வாப்பாவுக்கும் எழுதிவிட்டேன். அவர் இன்னும் பதில் போடவில்லை. டிசம்பரில் வருவேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து வாயால் சொல்வேன்.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தடவை வெட்டினேன். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. உன் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு.

இத்ரூஸ்


அப்புத்தளை
28.7.1986

இத்ரூஸ்,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது. உடனே எழுத முடியவில்லை. எழுதினால் என்ன எழுதுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். எழுந்து போய், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்து என் கையில் கொடுத்து, தனக்குத் தரச் சொன்னார். கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதோம். அதற்காக உனக்கு நன்றி சொல்கிறேன். அதை மறைக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பசறைக்குப் போனேன், ரெங்கம்மா அண்ணிக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று. நான் குற்றவாளி இல்லை என்று அண்ணி வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அண்ணன் உன்னிடம் கேட்ட இடம் வந்ததும் அண்ணி என் கையிலிருந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டார். மேலே படிக்க விடவில்லை.

அன்றைக்கு வேலை விட்டு வந்ததும் அண்ணன் இதை வீட்டில் சொல்லியிருக்கிறார். பலகை தலைகீழாக இருக்கிறது, டீமேக்கரிடம் சொல்லப் போகிறேன் என்றிருக்கிறார். அண்ணிதான் தடுத்திருக்கிறார். அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான்தான் தம்பி வேணாமுன்னேன். அவரு உங்க கூட்டாளி, நீங்க கூட்டியாந்த ஆளு, அவரு வேலையில குத்தம் சொன்னா உங்களுக்குத்தான் கெட்ட பேருன்னு சொன்னேன். அவுகளும் சரின்னு விட்டுட்டாக. உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. உங்க மூஞ்சியப் பார்க்க முடியாமத்தான் இங்க வந்து கெடக்குறேன்."

என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு போனாரே, அது எதற்கென்று நான் இரண்டு வருஷமாக நினைத்தது ஒன்று, இருந்தது வேறொன்று. உனக்குப் பசறை தெரியும், அப்புத்தளை தெரியும், சிங்கப்பூர் தெரியும். மூன்று இடத்திலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்துகொண்டு, அண்ணனைக் கொன்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அண்ணி இளைத்துப் போய்விட்டார். உன் கடிதம் எனக்கு இறக்கி வைத்ததை அவர் தலையில் இரண்டு மடங்காக ஏற்றிவிட்டது. அது உன் தப்பு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

நீ டிசம்பரில் வரலாம். வந்து சங்கத்தில் சொல்லலாம். விசாரணையைத் திரும்ப எடுக்கலாம் என்று செயலாளர் சொல்கிறார், பார்க்கலாம். வேலையைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் பலகைக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. நீ லயத்துக்கு வர வேண்டாம். அம்மா உன்னை வா என்றுதான் சொல்வார். எனக்குத்தான் முடியாது. உன்னோடு நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவன், உன்னை மறக்கவும் முடியவில்லை, உன்னைப் பார்க்கவும் முடியவில்லை. இனிப் படம் அனுப்பாதே. நீ படிக்கிற படிப்பு நல்ல படிப்புதான். அதை விட்டுவிடாதே.

தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் உன் கடிதம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. போன மாதக் கடைசியில் பண்டாரவளையிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்தாராம், சன்னாசி சொன்னான். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு பலகையைக் கழற்றியிருக்கிறார். எந்த ரோதைக்கு எந்த இடத்தில் சுவிட்சு இருந்தால் உனக்குச் சுகம் என்று இவனைக் கேட்டாராம். இவன் கதவுப் பக்கத்திலிருந்து விரலால் காட்டிக்கொண்டே போனானாம். வரிசையை மாற்றி, நம்பரைப் புதிதாக எழுதி, பகல் சங்கு ஊதுவதற்கு முன்னால் பூட்டியாகிவிட்டது.

அரை நாள் வேலைதான், இத்ரூஸ்.

இப்படிக்கு,
பொன்னையாவின் தம்பி
நல்லையா